எக்பத்தானாவில் கிடைத்த சுருள்: யூதர்கள் பாபிலோனிலிருந்து திரும்பியது எப்படி?

பாடப்புத்தக அளவில் சொன்னால் இது மூன்று வரிக் கதை. பாபிலோன் மன்னர் நேபுகாத்நேச்சார் எருசலேமை அழித்து யூதர்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோனார். பாரசீக மன்னர் சைரஸ் (தமிழ் வேதாகமத்தில் கோரேஸ்) பாபிலோனைப் பிடித்ததும் அவர்களை ஊருக்கு அனுப்பினார். அவர்கள் வந்து ஆலயத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

மூன்று வரியிலும் பொய் இல்லை. ஆனால் இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் இடையே 20 ஆண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. எருசலேமுக்கு மதில் எழும்ப இன்னும் 70 ஆண்டு ஆனது. பாபிலோனில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் கிளம்பவே இல்லை. கிளம்பி வந்தவர்களோ ஊரில் ஏற்கெனவே குடியிருந்தவர்களோடு நிலத்துக்கும் உரிமைக்கும் பல தலைமுறை மல்லுக்கட்டினார்கள். இந்த நிகழ்வை நுணுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது: ஒவ்வொரு திருப்பத்திலும் எழுதிவைத்த ஏதோ ஒன்றுதான் வழக்கைத் தீர்த்திருக்கிறது. பட்டியலில் பேர் இருந்தவர் உள்ளே, இல்லாதவர் வெளியே. பக்தியும் ஏக்கமும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அவற்றை நிலமாகவும் கட்டடமாகவும் மாற்றியது ஆவணம்தான் என்பது என் வாசிப்பு.

இனி வரும் ஆண்டுகளில், கி.பி. என்று குறிக்காதவையும் தொல்லியல் கண்டெடுப்புகளுக்குரியவையும் தவிர, எல்லாம் கி.மு.

போனவர்கள் எத்தனை பேர்?

597-இல் எருசலேம் முதல்முறை விழுந்தது. இளம் அரசர் யோயாக்கீன், அரண்மனைக்காரர்கள், படைவீரர்கள், கொல்லர், தச்சர் என்று வேலை தெரிந்தவர்களாகப் பார்த்துக் கொண்டுபோனார்கள். பத்து ஆண்டு கழித்து மறுபடி கலகம் வந்தது. நகரமும் ஆலயமும் எரிந்தன. இராஜாக்கள் புத்தகம் முதல் தடவை போனவர்களை 10,000 என்கிறது. எரேமியா புத்தகத்தின் கடைசி அதிகாரம் மூன்று தவணைகளாகக் கணக்குத் தருகிறது: 3,023, பிறகு 832, பிறகு 745. மொத்தம் 4,600. முழு எண்ணாக இல்லாமல் சில்லறையோடு வரும் இந்தக் கணக்கை ஏதோ ஒரு பதிவேட்டிலிருந்து எடுத்திருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குடும்பத் தலைவர்களை மட்டும் எண்ணியிருந்தாலும், ஒரு நாடே காலியாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

சிறைப்பட்ட அரசர் கதையில் மட்டும் வாழ்ந்தவர் இல்லை என்பதற்குப் பாபிலோன் அரண்மனையிலேயே சான்று கிடைத்திருக்கிறது. எண்ணெய்ப் படி அளந்த களிமண் பலகைகளில் யூதா தேசத்து அரசர் என்ற பட்டத்தோடு அவர் பேர் வருகிறது. அவருடைய ஐந்து மகன்களுக்கும் படி அளந்திருக்கிறார்கள். நாட்டைப் பறித்துக்கொண்டு பட்டத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

ஊரில் மிச்சம் இருந்தவர்கள் யார்? 'தேசத்தில் ஏழையானவர்கள்' என்கிறது இராஜாக்கள் புத்தகம். திராட்சைத் தோட்டக்காரர்களும் உழவர்களும். பாபிலோன் அவர்களுக்கு கெதலியா என்பவரை அதிகாரியாக வைத்தது; அவர் எருசலேமுக்கு வடக்கே மிஸ்பாவில் இருந்து நிர்வாகம் செய்தார். தொல்லியலும் இதை ஒட்டியே போகிறது: எருசலேமும் தெற்குப் பகுதிகளும் பலத்த அழிவு கண்டன, வடக்கே பென்யமீன் பகுதியில் வாழ்க்கை தொடர்ந்திருக்கிறது.

போனவர்களின் வயலை இருந்தவர்கள் உழுதார்கள். அதில் வியப்பு ஒன்றும் இல்லை. சச்சரவும் அப்போதே ஆரம்பித்துவிட்டது. பாபிலோனில் இருந்த தீர்க்கதரிசி எசேக்கியேல், எருசலேம்வாசிகள் சொல்வதாக ஒரு பேச்சைக் குறித்து வைக்கிறார்: அவர்கள் தூரமாய்ப் போய்விட்டார்கள், இந்தத் தேசம் எங்களுக்குச் சுதந்தரமாகக் கொடுக்கப்பட்டது. திரும்பி வர ஒருவரும் கிளம்பாத காலத்திலேயே நில வழக்கு தயாராக இருந்தது.

யூதாபுரத்து அஹிகாம்

'பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து அழுதோம்' என்ற சங்கீதம் எல்லாருக்கும் தெரியும். அந்த ஆற்றங்கரைகளில் வேறு என்ன நடந்தது என்பது இப்போது கொஞ்சம் தெரிய வந்திருக்கிறது. அல்-யாகூது என்ற ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த சுமார் 200 களிமண் பலகைகள் பழம்பொருள் சந்தை வழியாக வெளிவந்தன. கி.பி. 2014-இல் அவற்றில் சுமார் பாதி அச்சானது. முறையான அகழ்வில் எடுக்கப்படாதவை என்பது அவற்றின் மேல் உள்ள கறை. ஆனால் உள்ளடக்கம் அபாரம். 572 முதல் 477 வரை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் கடன் சீட்டுகள், குத்தகைகள், ரசீதுகள். ஊர்ப்பெயரின் பொருளே யூதாவின் ஊர் என்பதுதான். நம் வாயில் யூதாபுரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அரசு இவர்களுக்கு வாய்க்கால் ஓரம் நிலம் கொடுத்தது. பதிலுக்கு வரி கட்ட வேண்டும், படைக்கோ அரசு வேலைக்கோ ஆள் தர வேண்டும். அடிமைகளாக விற்கப்படவில்லை, நினைத்த இடத்துக்குப் போகும் சுதந்திரமும் இல்லை. இந்தப் பலகைகளில் ஒரே குடும்பத்தை நான்கு தலைமுறைக்குத் தொடர முடிகிறது: சமக்-யாமா, அவர் மகன் ரபா-யாமா, அவர் மகன் அஹிகாம், அஹிகாமின் ஐந்து மகன்கள். பேரில் வரும் 'யாமா' இஸ்ரவேலரின் கடவுள் பேரைப் பாபிலோனிய எழுத்தர்கள் எழுதிய விதம். அஹிகாம் பார்லியும் பேரீச்சையும் விளைவித்தார், மற்றவர்களின் நிலத்து வரிப் பொறுப்பையும் எடுத்து நடத்தினார். அவர் இறந்தபின் மகன்கள் சொத்தைப் பாகம் பிரித்துக்கொண்ட பத்திரமும் இருக்கிறது. அந்த மகன்களில் ஒருவர் பேர் ஆகாய். எருசலேமில் 'ஆலயத்தைக் கட்டுங்கள்' என்று முழங்கிய தீர்க்கதரிசிக்கும் அதே பேர், அதே காலம். ஒரு ஆகாய் அங்கே கல் சுமக்கச் சொல்கிறார், இன்னொரு ஆகாய் இங்கே அப்பா சொத்தில் பங்கு வாங்குகிறார்.

இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எரேமியாவே 597-க்குப் பிறகு எழுதிய கடிதத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அந்த நகரத்தின் நலனுக்காக ஜெபியுங்கள் என்று சொல்லியிருந்தார். சொன்னபடி செய்தவர்களின் பேரனிடம் போய் "கிளம்பு" என்றால் அவன் எதை விட்டுக் கிளம்புவான்?

539: உருளை சொல்வதும் சொல்லாததும்

539 அக்டோபரில் பாரசீகப் படை பாபிலோனுக்குள் சண்டையில்லாமல் நுழைந்தது. டைகிரிஸ் கரையில் ஓபிஸ் என்ற இடத்தில் அதற்கு முன்பே ரத்தம் சிந்தி முடிந்திருந்தது. சில நாள் கழித்து சைரஸ் நகருக்குள் வந்தார்.

அவர் பேரால் எழுதப்பட்ட களிமண் உருளை கி.பி. 1879-இல் பாபிலோனில் கிடைத்தது, இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. உலகத்தின் முதல் மனித உரிமைச் சாசனம் என்று அதைத் தூக்கிப் பிடிப்பவர்கள் உண்டு. அந்தப் பட்டம் எனக்கு ஒட்டவில்லை. மர்துக் என்ற பாபிலோனியத் தெய்வம் சைரஸைத் தேர்ந்தெடுத்தது, பழைய மன்னர் நபோனிதுஸ் கெட்டவர், புதியவர் நல்லவர், நகர மதிலைச் செப்பனிட்டார் என்பதுதான் அதன் சாரம். மெசபடோமிய மன்னர்கள் வழிவழியாகக் கட்டடங்களின் அடியில் புதைத்துவந்த வகை எழுத்து அது. டைகிரிஸுக்கு அப்பால் உள்ள சில ஊர்களின் தெய்வச் சிலைகளைத் திருப்பி அனுப்பியதாகவும் மக்களைக் கூட்டி ஊர் சேர்த்ததாகவும் ஒரு பகுதி வருகிறது. அந்த ஊர்ப் பட்டியலில் எருசலேம் இல்லை. யூதர் என்ற சொல்லும் இல்லை.

ஆனாலும் உருளை நமக்கு உதவாமல் போகவில்லை. பாரசீக அரசு எப்படி யோசித்தது என்பதை அது காட்டுகிறது: உள்ளூர்த் தெய்வத்தைக் கையில் எடு, அதன் பூசாரிகளை உன் பக்கம் வை. எகிப்தில் சைரஸின் மகன் கம்பீசஸ் 525-இல் இதையே செய்தார். சாயிஸ் நகரத்து நீத் தேவியின் கோயிலைச் சீர்செய்ய வைத்ததாக உஜாஹொர்ரெஸ்நெத் என்ற எகிப்திய அதிகாரி தன் சிலையிலேயே எழுதிவைத்திருக்கிறார். சைரஸ் எருசலேமுக்குச் செய்ததும் இந்த வரிசையில் வரும். இதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இதே பாரசீகர்கள் கிரேக்க நகரமான எரேத்ரியாவின் மக்களை 490-இல் பிடித்துக் கொண்டுபோய் பாரசீகத் தலைநகர்களில் ஒன்றான சூசாவுக்குப் பக்கத்தில் குடியமர்த்தினார்கள். நாடு கடத்தும் பழக்கத்தை அவர்கள் விட்டுவிடவில்லை.

திரும்பிப் போனவர்கள் யூதர்கள் மட்டும்தானா? இல்லை. சிரியாவில் அலெப்போவுக்குப் பக்கத்தில் நெய்ரப் என்ற இடத்தில் 1920-களில் தோண்டியபோது சிறு பலகைக் கட்டு ஒன்று கிடைத்தது. அவற்றில் பெரும்பாலானவை பாபிலோனியாவில் எழுதப்பட்ட குடும்பப் பத்திரங்கள். நெய்ரபிலிருந்து கடத்தப்பட்டு, பாபிலோனியாவில் ஓர் ஊரில் வாழ்ந்து, பிறகு பத்திரங்களைக் கையோடு எடுத்துக்கொண்டு சொந்த ஊர் வந்து சேர்ந்தவர்கள் இவர்கள். இவர்களுக்காக எந்த மன்னரும் சாசனம் எழுதியதாகச் செய்தி இல்லை. இவர்களைப் பற்றி எந்த வேதமும் பேசவில்லை. எனக்கு யூதர்களின் கதையை நம்பவைக்கிற சான்று சைரஸின் உருளையைவிட இந்தச் சின்னக் கட்டுதான். சாதாரணக் குடும்பங்கள் அப்படித் திரும்ப முடிந்தது என்பதற்கு அது நேரடி அத்தாட்சி.

கூட்டினால் சரிவராத பட்டியல்கள்

எஸ்றா புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்களும் பட்டியல் மயம். முதலில் பாத்திரங்கள். நேபுகாத்நேச்சார் ஆலயத்திலிருந்து எடுத்துப் போனவற்றை மித்திரேதாத் என்ற பாரசீகப் பொக்கிஷக்காரர் எண்ணி, சேஸ்பாத்சார் என்ற யூதத் தலைவரிடம் ஒப்படைக்கிறார். 30 பொன் தட்டு, 1,000 வெள்ளித் தட்டு, 29 கத்தி, 30 பொற்கிண்ணம், 410 வெள்ளிக் கிண்ணம், மற்றவை 1,000. கூட்டினால் 2,499 வரும். புத்தகமோ மொத்தம் 5,400 என்கிறது. படியெடுத்தவர் எங்கோ ஒரு வரியை விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பாணியைப் பாருங்கள்: பொருள், எண்ணிக்கை, கொடுத்தவர், வாங்கியவர். இது கையெழுத்துப் போட்டு வாங்கும் சரக்கு ரசீதின் வடிவம்.

அப்புறம் ஆட்கள். செருபாபேல், பிரதான ஆசாரியர் யெசுவா ஆகியோரின் தலைமையில் வந்தவர்கள் 42,360 பேர், வேலைக்காரர்கள் 7,337, பாடகர்கள் 200, குதிரை 736, கோவேறு கழுதை 245, ஒட்டகம் 435, கழுதை 6,720. இதே பட்டியல் நெகேமியா புத்தகத்திலும் இருக்கிறது, அங்கே பாடகர்கள் 245. வம்சவாரியாகக் கொடுத்த எண்களைக் கூட்டினால் எஸ்றாவில் 29,818, நெகேமியாவில் 31,089. இரண்டும் 42,360-ஐத் தொடவில்லை.

இன்னொரு இடைஞ்சலும் இருக்கிறது. பாரசீகக் காலத்து யூதா மாகாணம், அதாவது யெஹூத், மொத்தமே சுமார் 30,000 பேர் வாழ்ந்த சிறு பகுதி என்பது தொல்லியலாளர்களின் தாராளமான மதிப்பீடு. அதற்கும் பாதிக்குக் கீழே சொல்பவர்கள் இருக்கிறார்கள். மாகாணத்தின் மக்கள்தொகையைவிட வந்திறங்கியவர்கள் அதிகம் என்றால் கணக்கு இடிக்கிறது. ஆகவே இது ஒரே பயணத்தின் பயணிகள் பட்டியல் இல்லை. பல பத்தாண்டுகளில் சிறு சிறு கூட்டமாக வந்தவர்களையும், ஒருவேளை ஊரிலேயே இருந்து சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களையும் ஒன்றாகத் தொகுத்த உறுப்பினர் பதிவேடு என்று பார்த்தால்தான் பொருந்துகிறது. அதன் பல வரிகள் ஆளை வம்சத்தால் சொல்லாமல் ஊரால் சொல்கின்றன: பெத்லெகேம் ஆட்கள், ஆனதோத் ஆட்கள் என்று.

இதில் என்னை அதிகம் நிறுத்தியது வெளியே நிற்பவர்களின் பகுதி. தெலாயா, தொபியா, நெகோதா வம்சத்தார் 652 பேர் தாங்கள் இஸ்ரவேலர்தான் என்று நிரூபிக்க முடியவில்லை. ஆசாரியர்களில் மூன்று குடும்பங்கள், அபாயா, கோஸ், பர்சில்லாய், தங்கள் வம்ச அட்டவணையைத் தேடினார்கள், அதில் பேரைக் காணவில்லை. ஆசாரிய ஊழியத்திலிருந்து அவர்கள் தள்ளிவைக்கப்பட்டார்கள். நாற்பது ஐம்பது ஆண்டு அந்நிய நாட்டில் கிடந்துவிட்டு, பாலைவனத்தைச் சுற்றி வந்து, வாசலில் சான்றிதழ் இல்லை என்று நிற்கிறார்கள். இதில் கோஸ் குடும்பம் மட்டும் எப்படியோ வழி கண்டுபிடித்ததுபோலத் தெரிகிறது. பிற்பாடு நெகேமியா என்ற ஆளுநர் எழுப்பிய எருசலேம் மதிலில் ஒரு பகுதியைக் கட்டியவர் கோசின் மகன் உரியாவின் மகன் மெரெமோத். பாபிலோனிலிருந்து வேதபாரகர் எஸ்றா கொண்டுவந்த வெள்ளியையும் பொன்னையும் ஆலயத்தில் நிறுத்து வாங்கியவர் ஆசாரியர் உரியாவின் மகன் மெரெமோத். இருவரும் ஒருவரே என்றுதான் பெரும்பாலும் கொள்கிறார்கள். மூன்று தலைமுறைக்குள் அந்த வீட்டின் வழக்கு தீர்ந்திருக்கிறது.

தத்னாய் கேட்ட கேள்வி

வந்தவர்கள் முதலில் பலிபீடத்தை வைத்தார்கள். அஸ்திபாரமும் போட்டார்கள். பழைய ஆலயத்தைப் பார்த்திருந்த கிழவர்கள் சத்தமிட்டு அழுததாகவும், அந்த அழுகைச் சத்தம் எது, மகிழ்ச்சி ஆரவாரம் எது என்று ஜனங்களால் பிரித்தறிய முடியவில்லை என்றும் எஸ்றா எழுதுகிறது. அதன்பின் வேலை நின்றது. நின்றது என்றால் ஏறக்குறைய 16 ஆண்டு. அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பு ஒரு காரணம். மழை பொய்த்து விளைச்சல் இல்லாதது இன்னொன்று. ஆகாய் அதைக் குத்தலாகச் சொல்கிறார்: கூலி வாங்குகிறவன் ஓட்டைப் பையில் போடுகிறான், ஆலயம் பாழாய்க் கிடக்க நீங்கள் மட்டும் மச்சுப்பாவிய வீட்டில் குடியிருக்கலாமா?

520 ஆகஸ்ட் இறுதியில் அவர் பேசினார். தீர்க்கதரிசி சகரியாவும் சேர்ந்துகொண்டார். வேலை மறுபடி தொடங்கியது. காலத்தைக் கவனிக்க வேண்டும். 522-இல் கம்பீசஸ் இறந்து, டேரியஸ் அரியணையைப் பிடித்து, பேரரசு முழுக்கக் கலகம் வெடித்து, அப்போதுதான் அடங்கியிருந்தது. பாபிலோனிலேயே அடுத்தடுத்து இரண்டு பேர் "நானே நேபுகாத்நேச்சார்" என்று கிளம்பி ஒழிந்திருந்தார்கள். அந்தச் சூழலில் யூதாவின் பழைய அரச வம்சத்தைச் சேர்ந்த, யோயாக்கீனின் பேரனான செருபாபேல் ஆளுநராக இருக்கிறார். அவரைக் கடவுள் முத்திரை மோதிரம்போல் வைப்பார், ராஜ்யங்களின் சிங்காசனங்களைக் கவிழ்ப்பார் என்று ஆகாய் வெளிப்படையாகப் பேசுகிறார். இந்தப் பேச்சு மேலிடத்துக் காதில் எப்படி விழும்?

யூப்ரடீசுக்கு மேற்கே உள்ள பிரதேசத்தின் தேசாதிபதி தத்னாய் தன் ஆட்களோடு நேரில் வந்தார். அவர் கேட்டவை இரண்டே: இந்தக் கட்டடத்தைக் கட்ட உங்களுக்கு உத்தரவு கொடுத்தது யார்? முன்னின்று நடத்துகிறவர்களின் பேர் என்ன? தத்னாய் கற்பனை ஆள் இல்லை. 502-இல் எழுதப்பட்ட பாபிலோனியக் கடன் பத்திரம் ஒன்றில் அதே பதவியோடு அவர் பேர் பதிவாகியிருக்கிறது. எஸ்றா புத்தகம் அவரை வில்லனாகக் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பதில் வரும்வரை அவர் வேலையை நிறுத்தவில்லை. பெரிய கற்களை வைத்துக் கட்டுகிறார்கள், சுவரில் மரம் பாய்ச்சுகிறார்கள், வேலை வேகமாக நடக்கிறது என்று பார்த்ததை எழுதி, அவர்கள் சைரஸ் உத்தரவு என்கிறார்கள், அது உண்மையா என்று ஆவணத்தில் தேடிப்பார்க்கவும் என்று டேரியசுக்கு அனுப்பினார். நேர்மையான அதிகாரி.

யூதர்கள் கையில் அந்த உத்தரவின் நகல் இல்லை என்பது இங்கே வெட்டவெளிச்சம். இருந்திருந்தால் காட்டியிருப்பார்கள். சேஸ்பாத்சாரிடம் பாத்திரங்களைக் கொடுத்து அனுப்பினார்கள் என்று வாய்மொழியாகத்தான் சொல்ல முடிந்தது. இருபது ஆண்டு பழைய வாய்வார்த்தை.

பாபிலோனில் ஆவணங்கள் வைத்திருந்த இடத்தில் முதலில் தேடினார்கள். கடைசியில் மேதியாவின் எக்பத்தானா கோட்டையில், தமிழ் வேதாகமம் அக்மேதா என்று சொல்லும் இடத்தில், ஒரு சுருள் அகப்பட்டது. பாரசீக அரசவை பருவத்துக்கு ஏற்றபடி ஊர் மாறும். எக்பத்தானா மலைப்பாங்கான கோடைத் தலைநகர். 538 வாக்கில் பிறந்த உத்தரவு அங்கே எழுதப்பட்டு அங்கேயே தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அதில் இருந்தது ஒரு சுருக்கக் குறிப்பு: ஆலயம் கட்டப்படட்டும், உயரம் 60 முழம், அகலம் 60 முழம், மூன்று வரிசை பெருங்கல், ஒரு வரிசை மரம், செலவு அரண்மனைக் கணக்கில், பாத்திரங்கள் பழைய இடத்துக்குப் போகட்டும். நீளத்தைக் காணோம்.

எஸ்றா முதல் அதிகாரத்தில் எபிரேயத்தில் வரும் சைரஸின் பிரகடனத்தையும் அராமிக்கில் வரும் இந்தக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே "பரலோகத்தின் தேவன் எனக்குக் கட்டளையிட்டார்" என்ற முழக்கம், மக்கள் கிளம்பிப் போகலாம் என்ற அழைப்பு. இங்கே முழமும் கல்லும் செலவும். மக்கள் திரும்புவது பற்றி ஒரு சொல் கிடையாது. இரண்டையுமே சந்தேகிக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். இரண்டில் ஒன்றை நம்பலாம் என்றால் அராமிக் குறிப்பைத்தான் என்பவர்கள் அதிகம், நானும் அந்தப் பக்கம். அலங்காரம் இல்லாததே அதற்குப் பலம்.

டேரியசின் பதில் யூதர்கள் எதிர்பார்த்ததற்கும் மேலே போனது. குறுக்கே நிற்காதே, செலவை உன் பிரதேசத்து வரிப்பணத்திலிருந்து கொடு, பலிக்குக் காளை, ஆட்டுக்கடா, கோதுமை, உப்பு, திராட்சரசம், எண்ணெய் தினமும் தடையில்லாமல் போகட்டும், அவர்கள் ராஜாவுக்காகவும் அவர் பிள்ளைகளுக்காகவும் ஜெபிக்கட்டும். உத்தரவை மாற்றுகிறவன் வீட்டு உத்தரத்தையே பிடுங்கி நட்டு, அவனை அதில் ஏற்று. மிகைப்படுத்திய கதைபோலத் தோன்றலாம். ஆனால் பெர்செபோலிசில் கிடைத்த டேரியஸ் காலத்துக் கணக்குப் பலகைகளில், ஹும்பான் போன்ற ஏலாமியத் தெய்வங்களின் பூசைக்கும் அரசுக் கிடங்கிலிருந்து தானியமும் திராட்சரசமும் அளந்திருக்கிறார்கள். கோயிலுக்குப் படி அளப்பது இந்த அரசின் வாடிக்கை.

515 மார்ச் வாக்கில் ஆலயம் முடிந்தது. பிரதிஷ்டை விவரத்தில் செருபாபேல் பேர் இல்லை. யூதர்களின் மூப்பர்கள் கட்டினார்கள் என்று மட்டும் வருகிறது. தத்னாய் கேட்ட பேர்ப்பட்டியலில் முதல் பேராக இருந்திருக்க வேண்டியவர் வரலாற்றிலிருந்தே நழுவிவிட்டார். அதன்பின் தாவீதின் வம்சத்தில் வேறெவரும் ஆளுநராக இருந்ததாக வேதாகமம் சொல்வதும் இல்லை. ஆலயத்துக்கு அனுமதி உண்டு, அரசருக்கு இல்லை.

வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்

கட்டத் தொடங்கிய நாட்களிலேயே அக்கம்பக்கத்தார் வந்து, நாங்களும் உங்கள் கடவுளைத்தான் தேடுகிறோம், சேர்ந்து கட்டுகிறோம் என்றார்கள். பதில் சுருக்கமாக வந்தது: எங்களுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை, சைரஸ் கட்டளையிட்டது எங்களுக்கு. அனுமதி யாருக்கு வழங்கப்பட்டதோ அவர்கள்தான் இஸ்ரவேல் என்று ஆகிவிட்டது. 'சிறையிருப்பின் புத்திரர்' என்ற பேர் உரிமைப் பேரானது. பாபிலோனுக்குப் போகவே போகாமல் அதே மண்ணில் உழுதவன் 'தேசத்து ஜனம்' என்ற வேற்றாள் ஆனான். வடக்கே சமாரியாக்காரர்கள் பிற்பாடு கெரிசிம் மலையில் தங்களுக்கென்று ஒரு வழிபாட்டிடம் எழுப்பினார்கள். அங்கே நடந்த அகழ்வு, அதன் தொடக்கம் ஐந்தாம் நூற்றாண்டு என்று காட்டுகிறது.

எஸ்றா வந்த ஆண்டு பற்றி வாதம் இன்னும் முடியவில்லை. பாரசீக மன்னர் ஆர்டாக்செர்க்சஸின் ஏழாம் ஆண்டு என்பது முதலாம் மன்னரைக் குறித்தால் 458, இரண்டாம் மன்னரைக் குறித்தால் 398. எதுவானாலும் எஸ்றா வந்ததும் எடுத்த நடவடிக்கை கலப்புத் திருமணங்களின் மேல்: வேற்றின மனைவிகளை அனுப்பிவிட வேண்டும். மூன்று நாளில் எருசலேமுக்கு வராதவன் சொத்து பறிமுதல், சபையிலிருந்தும் நீக்கம் என்று அறிவித்தார்கள். ஒன்பதாம் மாதம், அடை மழை. ஆலயத்து வீதியில் ஜனங்கள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தார், இது ஒன்றிரண்டு நாளில் முடியும் வேலையில்லை, மழையும் பெய்கிறது என்றார்கள், குழு போட்டார்கள். மூன்று மாதம் விசாரித்து நூற்றுக்கு மேற்பட்ட ஆண்களின் பேரைப் பதிந்தார்கள். அனுப்பப்பட்ட பெண்களில் ஒருத்தியின் பேர்கூட அதில் இல்லை. இதை மதத் தூய்மை என்று மட்டும் படிப்பது எனக்குப் போதவில்லை. பெண் வழியாகவும் பிள்ளை வழியாகவும் நிலம் கைமாறும் சிறிய ஊரில், யார் மனைவி என்பது யார் வயல் என்பதும்தான்.

நெகேமியாவின் கதை 445-இல் சூசா அரண்மனையில் தொடங்குகிறது. அவர் ஒரு யூதர்; மன்னருக்குப் பானம் பரிமாறும் நம்பிக்கையான பதவி. அவர் கேட்டு வாங்கியவற்றைப் பாருங்கள்: தேசாதிபதிகளுக்குக் காட்டக் கடிதங்கள், அரச வனக் காவலர் ஆசாபிடம் மரம் வாங்க ஒரு கடிதம். முந்தின தலைமுறை பட்டதை அறிந்த ஆள். சமாரியாவின் சன்பல்லாத்து, அம்மோனியரான தொபியா, அரபியரான கேஷேம் ஆகியோர் எதிர்த்தும் 52 நாளில் மதில் எழும்பியது. சிறிது காலத்துக்கு முன் எகிப்து பாரசீகத்துக்கு எதிராகப் பெரும் கலகம் செய்து அடங்கியிருந்தது. அந்த வழியில் நம்பகமான ஒரு கோட்டை ஊர் மன்னருக்கும் வேண்டியிருந்தது என்று சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

மதிலைவிட அவர் புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரம் எனக்கு முக்கியம். ஜனங்கள் வந்து முறையிடுகிறார்கள்: வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடமானம் வைத்துத் தானியம் வாங்கினோம், ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்கினோம், பிள்ளைகளை அடிமையாக விட்டோம், மகள்களில் சிலர் ஏற்கெனவே போய்விட்டார்கள். கடன் கொடுத்தவர்கள் வெளியார் இல்லை, திரும்பி வந்த சொந்தச் சகோதரர்களின் தலைவர்கள். வரியை வெள்ளியில் கேட்டதுதான் கழுத்தில் கயிறு. அதே பத்தாண்டுகளில் பாபிலோனியாவின் நிப்பூரில் முராசு குடும்பம் இதே தொழிலைப் பெரிய அளவில் நடத்தியது: வரி கட்ட முடியாதவனுக்கு வெள்ளி கொடுத்து நிலத்தை ஈடாக எடுத்துக்கொள்வது. அவர்கள் பலகைகளிலும் யூதப் பேர்கள் நிறைய. ஊர் திரும்பியவர்களுக்கும் பாபிலோனியாவில் தங்கியவர்களுக்கும் ஒரே பேரரசின் ஒரே வரி. நெகேமியா கூட்டம் கூட்டி நிலங்களைத் திருப்பிக் கொடுக்க வைத்தார், தானும் தன் ஆட்களும் கடன் கொடுத்திருப்பதை மறைக்கவில்லை. ஆளுநருக்குரிய சாப்பாட்டுப் படியைப் 12 ஆண்டு வாங்கவில்லை என்று அவரே எழுதிக்கொள்கிறார், கொஞ்சம் தற்பெருமைதான்.

மதில் எழும்பியும் நகரத்தில் குடியேற ஆளில்லை. பத்தில் ஒருவர் எருசலேமுக்குக் குடிபோக வேண்டும் என்று சீட்டுப் போட்டார்கள். சொந்த விருப்பத்தில் போனவர்களை ஜனங்கள் வாழ்த்தினார்களாம்.

எலிபன்டைன் மனு

எகிப்தின் தெற்கு எல்லையில் நைல் நதித் தீவான எலிபன்டைனில் பாரசீகப் படையில் யூதக் குடும்பங்கள் இருந்தன. கம்பீசஸ் வருவதற்கு முன்பே அங்கே யாகோவுக்கு (இஸ்ரவேலரின் கடவுளை அவர்கள் அழைத்த பேர்) ஒரு ஆலயம் கட்டியிருந்தார்கள். 410-இல் க்னும் தெய்வத்தின் பூசாரிகள் உள்ளூர் அதிகாரி விதரங்காவைக் கையில் போட்டுக்கொண்டு அதை இடித்தார்கள். சமூகத் தலைவர் யெதோனியாவும் ஆசாரியர்களும் எருசலேம் பிரதான ஆசாரியர் யோகனானுக்கு எழுதினார்கள். பதில் இல்லை. 407 நவம்பரில் யூதாவின் பாரசீக ஆளுநர் பகோகிக்கு மனு எழுதினார்கள். சன்பல்லாத்தின் மகன்கள் தெலாயா, செலேமியா ஆகியோருக்கும் தெரிவித்திருப்பதாக அதிலேயே குறிப்பிட்டார்கள். நெகேமியாவுக்குப் பகையாக இருந்தவரின் பிள்ளைகளிடமும் எருசலேம் அதிகாரியிடமும் ஒரே மூச்சில் உதவி கேட்பதில் அவர்களுக்குக் கூச்சம் எதுவும் தெரியவில்லை. இந்த மனுவின் நகல்கள் பாப்பிரஸில் அப்படியே கிடைத்திருக்கின்றன.

பதில் கடிதமாக வரவில்லை, ஒரு குறிப்பாக வந்தது. பகோகியும் தெலாயாவும் சொன்னது: கம்பீசசுக்கு முன்பே இருந்த அந்தப் பலிபீட வீட்டைப் பழைய இடத்திலேயே கட்டிக்கொள்ளலாம், அங்கே போஜனபலியும் (தானியப் படையல்) தூபமும் முன்போல் செலுத்தலாம். மனுவில் கேட்டிருந்த சர்வாங்க தகனபலி, அதாவது விலங்கை முழுதாக எரிக்கும் பலி, குறிப்பில் இல்லை. எலிபன்டைன்காரர்கள் எழுதிய இன்னொரு கடிதமும் இருக்கிறது: ஆடு மாடு பலியிட மாட்டோம், தூபமும் போஜனபலியும் போதும், ஆலயம் கட்ட அனுமதித்தால் ஐயாவின் வீட்டுக்கு வெள்ளியும் ஆயிரம் அர்தபா (ஒரு பாரசீக முகத்தலளவை) பார்லியும் தருகிறோம் என்று ஐந்து பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

402 டிசம்பரில் அதே தீவில் எழுதப்பட்ட ஒரு வீட்டு விற்பனைப் பத்திரம் கிடைத்திருக்கிறது. விற்றவர் யாகோவின் ஆலயத்து ஊழியர் அனனியா. நான்கு எல்லை சொல்லும் இடத்தில், இடையில் ராஜவீதி, அதற்கு அப்பால் யாகோவின் ஆலயம் என்று எழுதியிருக்கிறது.